இழந்த நாணயம் மீளுமோ?

தமிழிலே நாணயம் என்னும் சொல் இரு பொருளில் வழங்குகின்றது. கையிலே புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நடத்தையும் நாணயம். காசு கைமாறும்போது அதனுடன் மனிதனுடைய சொல்லும் கைமாறுகின்றது என்பதனை எம் முன்னோர் உணர்ந்திருந்தனர் போலும். தமிழ் கற்பித்தலே எமது தொழில், வங்கியியல் அன்று. ஆயினும், பழைய மாணவர் பலர் உத்தியோகத்திலும் வணிகத்திலும் கடற்றொழிலிலும் ஈடுபட்டிருக்கும் இக்காலத்திலே, அவர்களது இல்லங்களில் மெல்லிய குரலிற் பேசப்படும் ஒரு துன்பத்தை இவ்விழா மலரில் வெளிப்படப் பேசுதல் தகும் எனக் கருதுகின்றோம். படைச்சேவையினின்றும் மீண்டு, இல்வாழ்வும் முறிந்து, கடன் தவணையும் தவறிய ஒருவர் தம் நாணயத்தை மீண்டும் பெறுதல் கூடுமோ என்பதே நாம் ஆராயப் புகும் பொருள்.

நாம் வாழும் தலவில, கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலே கடலை நோக்கிக் கிடப்பது. மார்ச் மாதத்திலும் ஓகஸ்ட் மாதத்திலும் நிகழும் புனித அன்னம்மாள் திருவிழாக்களால் நாடெங்கும் பெயர் பெற்றது. தமிழும் சிங்களமும் அயலயலாக வழங்கும் இக்கரையிலே கடல் ஆண்டு முழுவதும் ஒரே முகங்காட்டுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே தோணிகள் கரையேறிக் கிடக்கும். வருமானம் அலைபோல் ஏறியும் இறங்கியும் வருதலின், கடன் என்பது இங்கு ஆடம்பரத்தின் பொருட்டு எழுந்ததன்று, அடுப்பெரிதற்பொருட்டு எழுந்தது. வலைக்கும் இயந்திரத்துக்கும் மீன் முதலாளியிடம் முற்பணம் பெறுதலும், பிடித்த மீனை அவருக்கே கொடுத்துக் கழித்தலும், கடையிலே கொப்பிக் கணக்கு வைத்தலும், பெண்கள் சீட்டுக் கட்டுதலும் வழிவழி வந்தன.

அம்முறையிற் குறைகள் பலவுண்டு. முற்பணம் பெற்றவன் தன் மீனுக்கு விலை பேசும் உரிமையை இழக்கின்றான். ஆயினும் ஒரு நன்மையும் உண்டு. தவணை தவறியதற்குக் காரணம் காற்றா, நோயா, சோம்பலா என்பதைக் கடன் கொடுத்தவர் தம் கண்ணாற் காண்பர். காற்றடித்த மாதத்துக் கடனை எவரும் அவமானமாகக் கொள்வதில்லை.

இன்றோ வேறொரு கணக்கேடு எழுந்துள்ளது. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கை கொடுகடன் தகவல் பணியகம் நிறுவப்பட்டது. மக்கள் இதனைக் ‘கிரிப்’ என்பர். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தாம் கொடுத்த கடன், அதன் நிலுவை, தவறிய தவணை ஆகியவற்றை இதற்கு அறிவிக்கின்றன. புதிதாகக் கடன் கேட்டு ஒருவர் வரின் இதனிடத்துக் கேட்டறிகின்றன. ஒருவர் தாம் பெற்ற கடனேயன்றிப் பிறருக்காகப் பிணை நின்ற கடனும் அங்கே தோன்றும். இப்பணியகம் எவருக்கும் கடன் மறுப்பதில்லை; மறுப்பதும் கொடுப்பதும் வங்கியின் முடிபு. ‘கிரிப்பிலே பெயர் விழுந்துவிட்டது, இனி ஒன்றுஞ் செய்ய இயலாது’ என ஊரார் பேசுவது பிழை. அது குற்றவாளிகளின் பெயர்ப்பட்டியல் அன்று. நிகழ்ந்தவற்றின் பதிவு மட்டுமே. ஆயினும் அப்பதிவேடு எத்தனை நாள் தவறியது என்று காட்டுமேயன்றி, ஏன் தவறியது என்று கூறாது. காற்றையும் நோயையும் அது அறியாது. இங்கேதான் எமது துன்பம் தொடங்குகின்றது.

படைச்சேவையிலுள்ள ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மாதந்தவறாது சம்பளம் வருதலின் கடன் கொடுப்போர் அவரை விரும்பி அழைப்பர். வீட்டுக்கொரு கடன், தங்கையின் திருமணத்துக்கொரு கடன், முச்சக்கர வண்டிக்கு லீசிங் எனச் சுமை ஏறும். தவணை சம்பளத்திலேயே கழிக்கப்படுதலால் அச்சுமையின் பாரம் அவருக்குத் தெரிவதில்லை. அவர் தொலைவான முகாமிலே இருக்க, வங்கியின் கடிதம் வீட்டுக்கு வரும். அதனைப் பிரித்துப் படிப்பார் இல்லை. பின்னர் ஒருநாள் காயத்தாலோ, காலமுடிவாலோ, விடுமுறை முடிந்தும் திரும்பாமையாலோ சேவை நின்றுவிடுகின்றது. சம்பளம் நின்ற அன்றே கழிவும் நிற்கின்றது. கடன் மட்டும் நிற்பதில்லை. தானே கழிந்துகொண்டிருந்த தவணையைத் தாமே சென்று கட்டும் பழக்கம் அவருக்கு இல்லை. கட்டுதற்குக் கையிற் காசும் இல்லை.

படைவீரர் என்றவுடன் எம் வாசகருட் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். 1983 முதல் 2009 வரை நீடித்த போரின் காயம் எம்மவர் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை என்பதை நாம் அறிவோம். ஆயின் கடன்சுமை சீருடையின் நிறம் பார்த்து வருவதன்று. போர் முடிந்தபின் மறுவாழ்வு நிலையங்களிலிருந்து வெளிவந்த முன்னாட் போராளிகள் ஏறத்தாழ 12,000 பேர். அவருட் பலருக்கு வங்கிக் கணக்கும் இருந்ததில்லை. கடன் வரலாறும் இருந்ததில்லை. கெட்ட பதிவுடையவனும் பதிவே இல்லாதவனும் வங்கியின் வாயிலிலே ஒரே வரிசையில் நிற்கின்றனர். 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வடக்கினின்றும் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து குடியேறிய முஸ்லிம் மக்களும் இவ்வாறே. தம் ஊரிலே பெயர் சொன்னால் கடன் கிடைத்த வணிகர்கள், பெயரை அறிவார் இல்லாத மணலிலே புதிதாகத் தொடங்கினர். ஆதலின் நாம் பேசுவது ஒரு சாராரைப் பற்றியதன்று.

இனி இல்வாழ்வின் முறிவை நோக்குவோம். எமது நாட்டின் பொதுச் சட்டப்படி ஒருவர்மீது மற்றவர் குற்றம் நிறுவியே விவாகரத்துப் பெறும் முறை நெடுங்காலமாக நிலவி வருகின்றது. ஆதலால் வழக்கு மாவட்ட நீதிமன்றத்திலே நீளும். சட்டத்தரணிக்குப் பணம், போக்குவரத்துக்குப் பணம், ஒரு வீடு இரண்டாகியமையால் இரட்டைச் செலவு, பிள்ளைகளுக்குத் தாபரிப்பு என நாற்புறமும் பணம் ஓடும். இக்காலத்திலேதான் தவணைகள் தவறுகின்றன. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி நீதிமன்றம் கட்டளையிட்ட தொகையைக் கொடுத்தல் ஒரு தந்தையின் தலையாய கடமை. வங்கித் தவணைக்கு அஞ்சிப் பிள்ளையின் உணவை நிறுத்துதல் நாணயமாகாது.

ஈண்டு வாசகர் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1923 ஆம் ஆண்டிலிருந்து மணமான பெண் தன் சொத்தைத் தானே ஆளவும் ஒப்பந்தஞ் செய்யவும் சட்டம் இடமளிக்கின்றது. ஆகவே கணவனது கடன், கணவன் என்னும் முறை பற்றி மட்டும், மனைவியின் கடனாகிவிடாது. ஆயின் அவள் கூட்டாகக் கையொப்பமிட்டிருப்பின், அல்லது பிணை நின்றிருப்பின், அது அவளது கடனுமாகும். ‘லீசிங் கடனை அவரே கட்டுவார்’ என இருவரும் நீதிமன்றத்தில் உடன்பட்டாலும் அவ்வுடன்பாடு அவ்விருவரையே கட்டுப்படுத்தும். அதில் ஒப்பமிடாத கம்பனியைக் கட்டுப்படுத்தாது. அவர் கட்டத் தவறின் கம்பனி இவளது கதவைத் தட்டும். பதிவேட்டில் இவளது பெயரும் கறைப்படும். திருமணம் முறிந்தாலும் கையொப்பம் முறிவதில்லை. பிரிவுக்கு முன்னரே கூட்டுக் கடன்களின் பட்டியலை எழுதி, வண்டியை விற்றுத் தீர்ப்பதோ, ஒருவர் பெயருக்கு மட்டும் கடனை மாற்றித் தருமாறு கம்பனியை எழுத்தில் வேண்டுவதோ செய்யப்படல் வேண்டும். பாத்திரம் பண்டங்களைப் பங்கிடுவதற்கு எடுத்துக்கொள்ளும் அக்கறையிற் பாதியையேனும் இதற்கு எடுத்துக்கொண்டால் எத்தனையோ பெண்கள் காப்பாற்றப்படுவர்.

பிணையாளிகள் நிலையும் இதுவே. எமது கல்லூரியின் பழைய மாணவருள் ஆசிரியரும் எழுதுவினைஞரும் பலர். உறவினரோ நண்பரோ கடன் கேட்குமிடத்து, ‘அரச உத்தியோகத்தர் இருவர் ஒப்பமிடல் வேண்டும்’ என்றவுடன் அவர்களையே நாடி வருவர். முகத்துக்காக இட்ட ஒப்பம் பின்னர்ப் பிணையாளியின் வருமானத்தையே உண்கின்றது. இவ்வகையில் ஒருவரது வீழ்ச்சி மூன்று குடும்பங்களைச் சாய்க்கின்றது. நட்பும் உறவும் பகையாகின்றன.

‘வாங்கிய கடனைக் கட்டாதவன் ஏமாற்றுக்காரனே, அவனுக்காக இரங்குவது ஏன்?’ என வினவுவோர் உளர். அவர்க்கு ஒன்று கூறுவோம். 2022 ஆம் ஆண்டு ஏப்ரல் 12 ஆம் திகதி, இலங்கை அரசாங்கமே தன் வெளிநாட்டுக் கடன்களுட் பெரும்பாலானவற்றைக் கட்டுவதை இடைநிறுத்துவதாக உலகுக்கு அறிவித்தது. அதன்பின் என்ன நிகழ்ந்தது? கடன்களின் பட்டியல் எடுக்கப்பட்டது. கடன் கொடுத்தோருடன் பேச்சு நிகழ்ந்தது. 2023 மார்ச்சிலே சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2024 இறுதியிலே வெளிநாட்டு முறிகள் புதிய நிபந்தனைகளுடன் மாற்றப்பட்டன; அதனையடுத்துத் தரப்படுத்தும் நிறுவனங்களும் நாட்டின் தரத்தை ஓரளவு உயர்த்தின. நாடு செய்தால் அது ‘கடன் மறுசீரமைப்பு’. தலவிலையின் ஏழை செய்தால் அது ‘ஏமாற்று’! அதே 2022 இல், ஓகஸ்ட் மாதத்திலே, மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது கடலுக்குப் போக இயலாது கரையில் இருந்தவனுடைய தவணை தவறியது அவனது ஒழுக்கக்கேட்டினாலோ? வேண்டுமென்றே ஏமாற்றுபவனை நாம் காக்க முன்வரவில்லை. ஆனால் விழுந்தவனையும் ஏமாற்றுபவனையும் ஒரே கோலால் அளத்தல் நீதியன்று என்கின்றோம்.

மற்றோர் சாரார், ‘கடனை முழுவதும் மன்னித்துவிடுதலே அறம்’ என்பர். 2018 ஆம் ஆண்டிலே, வறட்சியால் வாடிய 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் திட்டம் வகுத்தது. அது அன்றைய துயர் தீர்க்கும் மருந்து. அதனை நாம் குறை கூறோம். ஆயின் மன்னிப்புச் சுமையை இறக்குமேயன்றி நாணயத்தை மீட்டுத் தராது. மன்னிக்கப்பட்டவரை வங்கி மறுமுறையும் நம்பும் என்பதற்கு உறுதி யாது? வங்கியின் கதவு மூடியதாகவே இருப்பின், வாரவட்டிக்காரரது கதவே திறந்திருக்கும். நாணயம் பிறரால் அளிக்கப்படும் கொடையன்று. குறித்த நாளிலே குறித்த தொகையைக் கட்டுதலாகிய சிறு செயல் பலமுறை நிகழ்ந்து திரள்வது அது. இதுவே நாம் வலியுறுத்தும் கருத்து.

ஆயின் அச்செயலைத் தொடங்குதல் எங்ஙனம்? முதலாவது, தம் கடன் அறிக்கையைத் தாமே பெற்றுப் படித்தல் வேண்டும். எவரும் தமது அறிக்கையை உரிய கட்டணம் செலுத்திப் பெறலாம். கட்டித் தீர்த்த கடன் தீராததாகக் காட்டப்பட்டிருப்பின், பற்றுச்சீட்டுடன் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதித் திருத்தம் கோரலாம், பணியகத்துக்கும் முறையிடலாம். ஆதலின் பற்றுச்சீட்டுகளை நகைபோற் காத்தல் வேண்டும். இரண்டாவது, வங்கிக்கு அஞ்சி ஒளியாது நேரிற் சென்று, ‘இவ்வளவே என்னாற் கட்ட இயலும்’ எனக் கணக்குடன் கூறித் தவணையை மாற்றியமைக்கக் கேட்டல் வேண்டும். ஒளிந்தவனுடன் எவரும் இணக்கம் பேச இயலாது. காணியை ஈடு வைத்துக் கடன்பட்டோர்க்குக் கடன் இணக்க சபையும் உண்டு; 1941 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் எழுந்தது அது. மூன்றாவது, பழைய கடன் ஒழுங்குக்கு வந்தபின், சிறு தொகையொன்றை நிலையான வைப்பிலிட்டு, அவ்வைப்பின்மேல் அதனினும் சிறிய கடனொன்றைப் பெற்று, ஒரு நாளேனும் தவறாது கட்டி முடித்தல் நன்று. வங்கிக்கு அதில் இழப்பில்லை. பதிவேட்டிலோ கறைப்பட்ட வரிகளின்கீழ் நல்ல வரிகள் ஏறத் தொடங்கும்.

நான்காவது, வட்டிக் கணக்கைப் படிக்கத் தெரிதல். 100,000 ரூபாவை ‘நூற்றுக்கு 24 வட்டி’ எனக் கூறி 12 மாதங்களுக்குக் கொடுக்கின்றனர் என்க. முழுத்தொகைக்கும் ஆண்டு முழுவதற்கும் வட்டி 24,000 ரூபா எனக் கூட்டி, மாதம் 10,333 ரூபா வாங்குகின்றனர். ஆனால் மாதந்தோறும் முதல் குறைந்து வருதலால் ஆண்டிலே சராசரியாக அவர் கையில் இருந்த கடன் அத்தொகையின் பாதியளவே. குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி நூற்றுக்கு 41 இனும் அதிகம்! எமது மாணவர் கூட்டுவட்டிக் கணக்கைப் பரீட்சையிலே பிழையறச் செய்வர். ஆயின் ஒரு கடன் பத்திரத்தைக் கையிற் கொடுத்தால் திகைப்பர். அப்பத்திரம் பெரும்பாலும் அவர்களுக்கு விளங்காத மொழியில் இருப்பது அடுத்த இடர். விளங்காத தாளில் ஒப்பமிடேன் எனக் கூறும் துணிவையும் பாடமாகக் கற்பித்தல் வேண்டும்.

பிற நாடுகள் இவ்விடயத்தில் என் செய்கின்றன எனவும் நோக்குதல் பயன்தரும். அமெரிக்காவிலே, படையிற் சேருமுன் ஒருவர் பட்ட கடனுக்குச் சேவைக்காலத்தில் நூற்றுக்கு 6 இனும் மேற்பட்ட வட்டி வாங்கலாகாது என 1940 களிலிருந்தே சட்டம் உண்டு. 2003 இல் அது புதுப்பிக்கப்பட்டது. தவறிய தவணை பற்றிய குறிப்பும் பொதுவாக 7 ஆண்டுகளின்பின் அறிக்கையினின்றும் நீக்கப்படல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. தொலைவிற் போர்ப்பணியிலுள்ள வீரன் இல்லாத வேளையில் அவனுக்கு எதிரான வழக்கு முடிந்துவிடாது காக்க, இந்தியாவில் 1925 இலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தம் கடன் அறிக்கையை ஆண்டுக்கொரு முறை கட்டணமின்றிப் பெறும் உரிமையும் இந்திய மக்களுக்கு உண்டு. இவை இரக்கத்தால் மட்டும் எழுந்தவை அல்ல. மீண்டெழும் வழியை மூடிவிட்டால் கடன் கொடுத்தவர்க்கும் பணம் திரும்பாது என்னும் உலகியல் அறிவால் எழுந்தவை. எமது நாட்டிலும் இவை போன்ற காப்புகளைக் கேட்டு எழுதுதல் கற்றோர் கடன்.

சட்டம் வரும்வரை நாம் வாளா இருத்தலாமோ? ஆகாது. செருமனியில் றைபைசன் என்பார் 1864 இல் உழவர்களைச் சேர்த்து ஒரு கடன் சங்கம் அமைத்தார். தனித்து நின்றால் எவரும் நம்பாத ஏழைகள், ஒருவரை ஒருவர் அறிந்தமையால் ஒன்றுசேர்ந்து நம்பிக்கை பெற்றனர். இலங்கையிலும் 1911 இல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் பிறந்தது. சிக்கன கடனுதவிச் சங்கங்கள் கிராமந்தோறும் எழுந்தன. அவற்றின் கணக்கேடு ‘ஏன் தவறியது’ என்பதையும் அறியும். ஏனெனில் அதனை எழுதுபவர் அயலவரே. பழைய முறையின் கண்ணும் புதிய முறையின் ஒழுங்கும் அங்கே கூடுகின்றன.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தார்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இது: இவ்விழாவின் நினைவாக வளைவும் மண்டபமும் எழுப்புக, அவற்றுடன் ஒரு சிக்கன கடனுதவிச் சங்கமும் தொடங்குக. அங்கத்தவர் முதலில் ஆறு மாதம் சிறுகச் சேமிக்கட்டும். அதன்பின் சேமிப்புக்கு அளவான சிறு கடன் பெறட்டும். கடலின் பருவத்தை ஒட்டித் தவணை அமைக. படையினின்றும் மீண்டவர்க்கும், தனித்து நிற்கும் தாய்க்கும் அதன் கதவு மற்றோர்க்குப் போலவே திறந்திருத்தல் வேண்டும். வங்கிக்கு எழுதவேண்டிய கடிதத்தை மும்மொழியில் எழுதிக் கொடுக்க எம்மிடையே ஆசிரியர் உளர். பத்திரத்தைப் படித்துக் கூறச் சட்டத்தரணிகள் உளர். கணக்கைப் பார்க்க வங்கியாளர் உளர். மாதம் ஒரு மாலைப்பொழுதை ஈதல் இவர்க்கு அரிதன்று.

‘பணம் மூழ்கிவிடின் சங்கத்தின் பெயர் கெடாதோ?’ என ஐயுறுவோர்க்கு விடை எளிது. சேமிப்புக்கு முன் கடன் இல்லை. சிறுகடன் தீராமற் பெருங்கடன் இல்லை. முகத்துக்காகக் கையொப்பம் இல்லை. இம்மூன்றையும் காத்தால் இழப்பு வரினும் சிறிதாகவே வரும். கல்வி தந்த நிலையம் தன் மக்களுட் பெயர் பெற்றோரை மட்டும் விழாக்காலத்தில் அழைத்து மாலை சூட்டினாற் போதாது. தவணை தவறியமையால் ஊருக்கு முகங்காட்ட நாணி, கூட்டங்களுக்கு வாராது ஒதுங்கி நிற்கும் பழைய மாணவனும் எம்மவனே. அவனுக்கு நாம் தரவேண்டியது தருமமன்று. குறித்த நாளிலே கட்டுதற்கேற்ற ஒரு சிறு தவணையும், அதனைக் கட்டிய அன்று ‘கட்டினான்’ என எழுதிவைக்கும் ஒரு நேர்மையான கணக்கேடுமே. எஞ்சியதை அவனே ஈட்டிக்கொள்வான்.